கன்சர்வேடிவ் கட்சியில் சிறுபான்மையினர்: நாற்காலி கிடைத்தது, பேச்சு எடுபடுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனின் கன்சர்வேடிவ் கட்சியில் கறுப்பினத்தவர்கள், தெற்காசியர்கள், முஸ்லிம்களுக்கு உண்மையில் எவ்வளவு செல்வாக்கு இருக்கிறது என்ற பேச்சு எடுத்தால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. என் பதில் எல்லாக் கேள்விக்கும் ஒரே திசையில்தான் போகும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கட்சியில் பதவி மேலிருந்து தலைவர் கொடுப்பது, அதனால் அதைக் கொடுத்தவர் திருப்பி எடுத்துக்கொள்ளவும் முடியும். எடுத்துக்கொள்ள முடியாத செல்வாக்கு எங்கே இருக்கிறது என்பதுதான் தேட வேண்டிய விஷயம்.

ரிஷி சுனக் பிரதமராகவே இருந்துவிட்டார், கெமி பேடனாக் கட்சித் தலைவராகிவிட்டார். இனி என்ன போராட்டம் பாக்கி இருக்கிறது?

நியாயமான கேள்வி. 2022 செப்டம்பரில் லிஸ் டிரஸ் அமைத்த அமைச்சரவையில் நிதி குவாசி குவார்டெங்கிடம், உள்துறை சுவெல்லா பிரேவர்மனிடம், வெளியுறவு ஜேம்ஸ் கிளெவர்லியிடம் இருந்தது. அந்த மூன்று பெரிய துறைகளிலும் ஒரு வெள்ளையர்கூட இல்லாத நிலை பிரிட்டிஷ் வரலாற்றில் அதற்கு முன் வந்ததே இல்லை. அதுவரை லேபர் கட்சி அந்த இடத்துக்குப் பக்கத்தில்கூடப் போனதில்லை. இதைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் சுனக் பிரதமரான விதத்தைப் பாருங்கள். 2022 செப்டம்பரில் கட்சி உறுப்பினர்கள் வாக்களித்தபோது டிரஸ் 57.4 சதவீதம், சுனக் 42.6 சதவீதம். டிரஸ் சீக்கிரமே கவிழ்ந்த பிறகு அக்டோபரில் போட்டியில் கடைசியில் சுனக் ஒருவர் மட்டுமே மிஞ்சியதால், உறுப்பினர் வாக்கெடுப்பே இல்லாமல் அவர் பதவிக்கு வந்தார். உறுப்பினர்கள் நிறம் பார்த்துத்தான் அவரைத் தோற்கடித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. போரிஸ் ஜான்சனைக் கவிழ்த்தவர், வரியை உயர்த்தியவர் என்ற கோபம் அவர்மேல் நிறையவே இருந்தது. அதே உறுப்பினர்கள்தான் 2024 நவம்பரில் பேடனாக்குக்கு 53,806 வாக்குகளும் ராபர்ட் ஜென்ரிக்குக்கு 41,388 வாக்குகளும் போட்டார்கள். நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்த ஒரு பெண் அடிமட்ட உறுப்பினர்களின் வாக்கில் நேரடியாகவே ஜெயித்திருக்கிறார் என்பதால், "உறுப்பினர்கள் ஒருநாளும் ஏற்க மாட்டார்கள்" என்ற பழைய வாதம் உடைந்துவிட்டது.

உடையாமல் இருப்பது வேறொன்று. சிறுபான்மைச் சமூகத்தைச் சேர்ந்த ஒரு உறுப்பினர் தலைமையின் நிலைப்பாட்டோடு ஒத்துப்போகும்போது கதவு திறக்கிறது, சரி. அவர் "இது தவறு" என்று சொல்லும்போது என்ன நடக்கிறது?

இந்தக் கட்சியில் நம் பக்கத்து ஆட்கள் எப்போதிருந்து இருக்கிறார்கள்?

பலர் நினைப்பதைவிட முன்பிருந்தே. பம்பாயைச் சேர்ந்த பார்சியான மஞ்சர்ஜி பவ்நாக்ரீ 1895 முதல் 1906 வரை லண்டன் பெத்னல் கிரீன் வடகிழக்குத் தொகுதியின் கன்சர்வேடிவ் எம்.பி. தாதாபாய் நவ்ரோஜிக்கு அடுத்து நாடாளுமன்றத்துக்குப் போன இந்தியர் அவர். நவ்ரோஜி இந்தியர்களின் உரிமைக்குப் பேசிய இடத்தில் இவர் பிரிட்டிஷ் ஆட்சியை ஆதரித்துப் பேசினார். ஆனால் தென்னாப்பிரிக்காவில் இந்தியர்கள் நடத்தப்பட்ட விதம் பற்றிச் சபையில் விடாமல் குரல் எழுப்பியதும் இதே ஆள்தான், அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதன்பின் நீண்ட வறட்சி. 1964 இல் ஸ்மெத்விக் தொகுதியில் கன்சர்வேடிவ் வேட்பாளர் பீட்டர் கிரிஃபித்ஸ், அப்பட்டமான இனவெறிப் பிரசாரம் நடந்த தேர்தலில் ஜெயித்தார். 1968 ஏப்ரலில் இனோக் பவல் பர்மிங்ஹாமில் குடியேறிகளுக்கு எதிராகப் பேசினார். அப்போதைய கட்சித் தலைவர் எட்வர்ட் ஹீத் அவரை நிழல் அமைச்சரவையிலிருந்து உடனே நீக்கினார். அதே ஹீத் 1972 இல் பிரதமராக இருந்தபோது இடி அமீன் விரட்டிய உகாண்டா ஆசியர்கள் சுமார் 28,000 பேரைக் கட்சிக்குள் எதிர்ப்பு இருந்தும் நாட்டுக்குள் அனுமதித்தார். அந்தக் குடும்பங்களில் பல இன்றும் கன்சர்வேடிவுக்கு வாக்களிப்பதற்கு அந்த முடிவும் ஒரு காரணம்.

மார்கரெட் தாட்சர் காலத்தில் முரண்பாடு இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. ஆசிய உறுப்பினர்களைச் சேர்க்க 1976 இல் ஆங்கிலோ ஏஷியன் கன்சர்வேடிவ் சொசைட்டி தொடங்கப்பட்டது. அதிலிருந்து இரண்டே ஆண்டில், 1978 ஜனவரியில், வேற்றுப் பண்பாட்டவர்களால் இந்த நாடு மூழ்கடிக்கப்படுமோ என்று மக்கள் பயப்படுகிறார்கள் என்று தாட்சர் தொலைக்காட்சியில் சொன்னார். அந்த வாரம் சொசைட்டியின் உறுப்பினர் அட்டையைப் பையில் வைத்திருந்த ஒருவர் தன் உறவினர்களிடம் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

செல்டன்ஹாம் விவகாரத்தை ஏன் இன்னும் எல்லோரும் இழுக்கிறார்கள்? முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதே?

கட்சியின் எலும்புக்கூடு அப்படியே வெளியே தெரிந்த சம்பவம் அது என்பதால். பர்மிங்ஹாமில் ஜமைக்கப் பெற்றோருக்குப் பிறந்த பாரிஸ்டர் ஜான் டெய்லரை செல்டன்ஹாம் வேட்பாளராக நிறுத்தினார்கள். பல பத்தாண்டுகளாகக் கட்சியின் கையில் இருந்த பாதுகாப்பான தொகுதி. கட்சியின் உள்ளூர்க் கிளையான தொகுதிச் சங்கத்திலேயே ஒரு பகுதி கொதித்தெழுந்து, தேர்வை ரத்து செய்ய முயன்றது. அவரை இனவெறிச் சொல்லால் திட்டிய உள்ளூர் உறுப்பினர் ஒருவர் நாடு முழுக்கச் செய்தியானார். தலைமை டெய்லர் பக்கம் நின்றது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் 1992 தேர்தலில், நாடு முழுக்க ஜான் மேஜர் ஜெயித்த அதே தேர்தலில், செல்டன்ஹாம் லிபரல் டெமாக்ரட் வசம் போனது.

1996 இல் டெய்லரை, தேர்தல் இல்லாமல் நியமனத்தில் போகும் பிரபுக்கள் சபைக்கு அனுப்பினார்கள். இந்த வரிசை அதற்குப் பிறகும் நமக்குப் பழக்கமானதுதான்: கீழே கதவு அடைபடுகிறது, மேலே ஒருவர் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறார். தூக்கிவிட்டவருக்கு அவர் கடன்பட்டவராகிறார்.

அதே 1992 இல் கொழும்பில் பிறந்த நிர்ஜ் தேவா பிரென்ட்ஃபோர்ட் மற்றும் ஐல்வொர்த் தொகுதியில் ஜெயித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். லேபர் ஜெயித்த 1997 அலையில் அவரும் போய்விட்டார்.

பிறகு எப்படி இத்தனை எம்.பி.க்கள் வந்தார்கள்?

டேவிட் கேமரன். 2005 தேர்தல் முடிந்தபோது அந்தக் கட்சியில் வெள்ளையரல்லாத எம்.பி.க்கள் இரண்டே பேர், விண்ட்சரில் ஆடம் அஃப்ரியி, வடமேற்குக் கேம்பிரிட்ஜ்ஷயரில் சைலேஷ் வாரா. அந்த ஆண்டு டிசம்பரில் தலைவரான கேமரன், பெண்களையும் சிறுபான்மையினரையும் முன்னிறுத்தும் ஒரு முன்னுரிமைப் பட்டியலைத் தயாரித்து, ஜெயிக்கக்கூடிய தொகுதிகள் அதிலிருந்து ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நெருக்கினார். உள்ளூர்ச் சங்கங்கள் முணுமுணுத்தன, பட்டியல் பின்னர் தளர்த்தப்பட்டது, ஆனால் விளைவு நின்றது. 2010 இல் 11 பேர், 2019 இல் 22 பேர். சாஜித் ஜாவித், பிரீத்தி பட்டேல், குவார்டெங், நதீம் சஹாவி எல்லோரும் 2010 வரவுகள்.

வேட்பாளர் தேர்வு எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்கு: லண்டன் தலைமையகம் அங்கீகரித்த வேட்பாளர் பட்டியல் ஒன்றை வைத்திருக்கும். தொகுதிச் சங்கம் அதிலிருந்து சிலரை நேர்காணலுக்கு அழைத்து, உறுப்பினர் கூட்டத்தில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். தேர்தல் திடீரென்று வந்தால் தலைமையகத்தின் கை இன்னும் ஓங்கிவிடும். ஆக, இரண்டு வாசல்கள், இரண்டிலும் காவல் இருக்கிறது. கேமரன் திறந்தது முதல் வாசலை. இரண்டாவதை அவர் பிடித்துத் தள்ளினார்.

வெள்ளையர் தொகுதிகளில் இவர்கள் ஜெயிப்பது நல்ல விஷயம்தானே?

நல்ல விஷயம்தான், ஜனநாயகத்துக்கு ரொம்பவே நல்லது. பட்டேலின் விட்டம், சுனக்கின் ரிச்மண்ட், ஜாவித்தின் புரோம்ஸ்குரோவ், பேடனாக்கின் சாஃப்ரன் வால்டன், கிளெவர்லியின் பிரெயின்ட்ரீ என்று எதை எடுத்தாலும் வாக்காளர்களில் மிகப் பெரும்பான்மை வெள்ளையர்கள். மக்கள் ஆளைப் பார்த்தார்கள், கட்சியைப் பார்த்தார்கள், நிறத்தைப் பார்க்கவில்லை.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு, அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. லேபரின் சிறுபான்மை எம்.பி.க்களில் பலர் சிறுபான்மை மக்கள் திரளாக வாழும் தொகுதிகளிலிருந்து வருகிறார்கள். தலைமை கைவிட்டாலும் பின்னால் ஒரு கூட்டம் நிற்கும். சர்ரேயிலோ எசெக்ஸிலோ ஜெயித்த கன்சர்வேடிவ் எம்.பி., விண்ட்ரஷ் விவகாரத்திலோ (கரீபியன் குடியேறிகள் ஆவணமில்லை என்று அலைக்கழிக்கப்பட்டது, கீழே வருகிறது) முஸ்லிம் வெறுப்பு விவகாரத்திலோ தலைமையை எதிர்த்தால், அவருடைய வாக்காளர்கள் யாரும் அதற்காகத் தெருவில் இறங்கப்போவதில்லை. அவரைக் காப்பாற்ற ஆள் இல்லை. ஆள் இல்லாதபோது மனசாட்சிக்காரர்கூட வாயை மூடிக்கொள்வதை நான் குற்றமாகப் பார்க்கவில்லை, அமைப்பின் கோளாறாகத்தான் பார்க்கிறேன்.

கட்சிக்குள் முஸ்லிம் அமைப்பு, இந்திய நண்பர்கள் அமைப்பு, தமிழர் அமைப்பு எல்லாம் இருக்கின்றனவே, அவற்றுக்கு அதிகாரம் இல்லையா?

இல்லை. சுருக்கமான பதில் இதுதான்.

கன்சர்வேடிவ் முஸ்லிம் ஃபோரம் போன்ற அமைப்புகள் விருந்து நடத்தலாம், நிதி திரட்டலாம், வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுக்க ஆள் அனுப்பலாம், அமைச்சரோடு புகைப்படம் எடுக்கலாம். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையோ, கொள்கையைத் தடுக்கும் உரிமையோ அவற்றுக்குக் கிடையாது. இது அவர்களுக்கு மட்டும் இழைக்கப்பட்ட அநீதியும் இல்லை. இந்தக் கட்சியில் மாநாட்டுக்கே கொள்கையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் இல்லை. கொள்கை தலைவருடையது, கட்சியின் சேர்மனைத் தலைவர்தான் நியமிக்கிறார், தலைவரைக் கவிழ்க்கும் பலம் எம்.பி.க்களின் 1922 கமிட்டியிடம் இருக்கிறது. சாதாரண உறுப்பினருக்குக் கிடைப்பது கடைசி இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு, அதுவும் 1998 சீர்திருத்தத்துக்குப் பிறகு வந்தது.

எண்பதுகளில் லேபருக்குள் கறுப்பினப் பிரிவு வேண்டும் என்று ஒரு கூட்டம் பல வருடம் சண்டை போட்டது. கட்சி அவர்கள் கேட்ட வடிவில் அதைக் கொடுக்கவில்லை. ஆனால் அந்தச் சண்டையின் சூட்டில்தான் 1987 இல் டயான் அபட், பெர்னி கிராண்ட், பால் போட்டெங், கீத் வாஸ் நால்வரும் நாடாளுமன்றத்துக்குள் போனார்கள். கன்சர்வேடிவில் அப்படி ஒரு கூட்டுச் சண்டை நடக்கவேயில்லை. தனித்தனி ஆட்கள் தனித்தனியாகத்தான் ஏறினார்கள்.

சயீதா வார்சி கட்சியின் இணைச் சேர்மனாகவே இருந்தாரே?

இருந்தார். 2010 இல் பிரிட்டிஷ் அமைச்சரவையில் அமர்ந்த முதல் முஸ்லிம் பெண். 2011 ஜனவரியில், முஸ்லிம்கள் மீதான வெறுப்பு இந்த நாட்டில் சாப்பாட்டு மேசைப் பேச்சிலேயே இயல்பாகிவிட்டது என்று வெளிப்படையாகப் பேசினார். 2012 இல் அவரை அந்தப் பொறுப்பிலிருந்து எடுத்து வெளியுறவுத் துறையில் கீழ்நிலைக்கு மாற்றினார்கள். 2014 ஆகஸ்டில் காசா குறித்த அரசின் நிலைப்பாட்டை ஏற்க முடியாமல் ராஜினாமா செய்தார். அதன்பின் பத்தாண்டு காலம் கட்சிக்குள் இருந்துகொண்டே முஸ்லிம் வெறுப்பை விசாரியுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். 2024 செப்டம்பரில் கட்சி வலதுபக்கம் எங்கோ போய்விட்டது என்று சொல்லி விலகினார்.

அவருடைய எல்லாக் கருத்துகளோடும் நீங்கள் உடன்பட வேண்டியதில்லை. ஆனால் கட்சியின் இணைச் சேர்மனாக இருந்த ஒருவருக்கே ஒரு விசாரணையைத் தொடங்கவைக்க முடியவில்லை என்றால், தொகுதிச் சங்கத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரால் என்ன செய்ய முடியும்?

விசாரணை கடைசியில் நடந்ததுதானே?

நடந்தது, ஆனால் எப்படி நடந்தது என்பதில்தான் செய்தி இருக்கிறது. 2019 ஜூனில் தலைமைப் போட்டியின் தொலைக்காட்சி விவாதத்தில், அங்கே நின்ற எல்லாப் போட்டியாளர்களையும் கேமராவுக்கு முன்னாலேயே ஒரு வெளி விசாரணைக்கு ஒப்புக்கொள்ள வைத்தார் சாஜித் ஜாவித். வருடக்கணக்கில் கடிதம் எழுதி நடக்காதது நேரலையில் ஒரு நிமிடத்தில் நடந்தது. ஜான்சன் பிரதமரான பிறகு, முஸ்லிம் வெறுப்பு பற்றிய விசாரணை என்று பேசப்பட்டது எல்லாவகைப் பாகுபாடும் பற்றிய விசாரணையாக விரிந்தது.

பேராசிரியர் சுவரன் சிங்கின் அறிக்கை 2021 மே மாதம் வந்தது. ஆறு வருடக் காலத்தில் 727 சம்பவங்கள் தொடர்பாக 1,418 புகார்கள், சம்பவங்களில் மூன்றில் இரண்டு பங்கு முஸ்லிம்களுக்கு எதிரானவை. கட்சி அமைப்பு ரீதியாகவே இனவெறி கொண்டது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றார் சிங். ஆனால் முஸ்லிம் எதிர்ப்பு உணர்வு ஒரு பிரச்சினையாக நீடிக்கிறது, புகார்களைக் கையாளும் முறையில் கோளாறு இருக்கிறது, முகம் மூடும் முஸ்லிம் பெண்களைப் பற்றி ஜான்சன் எழுதியதும் 2016 லண்டன் மேயர் தேர்தலில் சாதிக் கானுக்கு எதிராக ஸாக் கோல்ட்ஸ்மித் நடத்திய பிரசாரமும் கட்சிக்கு இதில் அக்கறையில்லை என்ற எண்ணத்தை உருவாக்கின என்றும் சொன்னார். வார்சி போன்றவர்களுக்கு அறிக்கை போதவில்லை. என் பார்வையில் அந்த அறிக்கையின் மதிப்பு அதன் தீர்ப்பில் இல்லை, எண்ணிக்கையை எழுத்தில் வைத்ததில் இருக்கிறது. எண்ணி எழுதாத குறையை எவரும் "ஒன்றிரண்டு ஆட்களின் தவறு" என்று தள்ளிவிடலாம்.

நுஸ்ரத் கனி விவகாரம் என்ன ஆனது?

2020 பிப்ரவரியில் துணை அமைச்சர் பதவியிலிருந்து நீக்கப்பட்டபோது, தான் முஸ்லிம் என்பது ஒரு பிரச்சினையாகப் பேசப்பட்டதாகக் கொறடா ஒருவர் தன்னிடம் சொன்னார் என்று 2022 ஜனவரியில் அவர் வெளியே சொன்னார். அப்போதைய தலைமைக் கொறடா மார்க் ஸ்பென்சர், அது தன்னைப் பற்றிய குற்றச்சாட்டு என்று தானே முன்வந்து, முழுக்க மறுத்தார். பிரதமரின் நெறிமுறை ஆலோசகர் விசாரித்து, எது நடந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று 2023 இல் முடித்தார். யார் சொன்னது சரி என்று நானும் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. நான்கு சுவருக்குள் இருவர் பேசிய பேச்சை நம்பி ஒருவரின் பதவி போகிறது, எதுவும் எழுத்தில் இல்லை. இந்த ஏற்பாடு யாருக்குச் சாதகம் என்பது மட்டும் தெளிவு. கனி 2024 இல் சபையின் துணை சபாநாயகர்களில் ஒருவரானார்.

பேச்சு எடுபட்ட சந்தர்ப்பம் ஒன்றாவது இருக்கிறதா?

இருக்கிறது. 2024 மார்ச்சில், கட்சிக்குப் பெருந்தொகை கொடுத்த ஃபிராங்க் ஹெஸ்டர் சில வருடங்களுக்கு முன் டயான் அபட்டைப் பற்றிப் பேசிய கொடூரமான வார்த்தைகள் வெளிவந்தன. பிரதமர் அலுவலகம் அதை இனவெறி என்று சொல்லத் தயங்கியது. அமைச்சராக இருந்த பேடனாக் அது இனவெறிதான் என்று பகிரங்கமாகச் சொன்னார். சில மணி நேரத்தில் பிரதமர் அலுவலகமும் அதே வார்த்தைக்கு வந்தது. ஆனால் பணத்தைத் திருப்பித் தரவில்லை. வார்த்தை வரை செல்வாக்கு எட்டியது, கஜானா வரை எட்டவில்லை.

இன்னொன்று 2018. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கரீபியன் தீவுகளிலிருந்து வந்து குடியேறிய விண்ட்ரஷ் தலைமுறையினர் பலர், சட்டப்படி இங்கே வாழும் உரிமை இருந்தும், ஆவணம் இல்லை என்று வேலையையும் வீட்டையும் இழந்தார்கள், சிலர் நாடுகடத்தப்பட்டார்கள். ஆம்பர் ரட் விலகிய பிறகு உள்துறைக்கு வந்த ஜாவித், அது என் அம்மாவாகவோ அப்பாவாகவோ நானாகவோ இருந்திருக்கலாம் என்று பேசினார். குடியேறிகளுக்கு விரோதமான சூழல் என்ற அந்தப் பழைய முழக்கத்தையும் கைவிட்டார். ஆனால் அதன் கீழ் இயற்றிய சட்டங்கள் பெரும்பாலும் அப்படியே நின்றன.

வாக்காளர்கள் திரண்டால் கட்சி கேட்கிறதா?

கண்டிப்பாகக் கேட்கிறது. 2010 தேர்தலில் சிறுபான்மை வாக்காளர்களில் 16 சதவீதம்தான் கன்சர்வேடிவுக்குப் போட்டார்கள், லேபருக்கு 68. அந்த நிலையில் எந்தக் கட்சியும் உங்களுக்காக மெனக்கெடாது. அதன்பின் இந்து வாக்காளர்களில் ஒரு பகுதி நகர்ந்தது. 2024 இல் கட்சி வரலாறு காணாத தோல்வியில் 121 இடத்துக்குச் சுருங்கியபோது, புதிதாகக் கைப்பற்றிய ஒரே தொகுதி லெஸ்டர் கிழக்கு, ஜெயித்தவர் ஷிவானி ராஜா. ஹாரோ கிழக்கில் பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் கட்சிக்கே கிடைத்தன. இரண்டுமே இந்து வாக்காளர்கள் கணிசமாக உள்ள தொகுதிகள்.

இதன் பலன் முன்பே ஒருமுறை தெரிந்தது, அது எனக்கு உறுத்தலான உதாரணம். சாதிப் பாகுபாட்டைச் சமத்துவச் சட்டத்துக்குள் கொண்டுவரும் கடமையை 2013 இல் நாடாளுமன்றம் அரசுக்கு விதித்தது. இந்து அமைப்புகள் பல கடுமையாக எதிர்த்தன, ஹாரோ கிழக்கு எம்.பி. பாப் பிளாக்மன் அவர்களோடு நின்றார். 2018 ஜூலையில் அரசு, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும், அந்தக் கடமையை நீக்கப்போகிறோம் என்று அறிவித்தது. ஒரு சிறுபான்மை ஒன்று திரண்டு ஆளும் கட்சியின் கொள்கையை மாற்றியதற்கு இதைவிடத் தெளிவான சான்று காட்ட முடியாது. தோற்றவர்கள் யார்? சட்டப் பாதுகாப்பு கேட்ட பிரிட்டிஷ் தலித்துகள், சிறுபான்மைக்குள் சிறுபான்மை. "சமூகத்தின் குரல்" என்று கட்சி யாரைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறது என்று கேட்காமல் செல்வாக்கைக் கொண்டாடாதீர்கள், குறிப்பாகத் தமிழர்களாகிய நாம்.

பட்டேல், பிரேவர்மன் எல்லாம் குடியேறிகளுக்கு எதிராக மற்றவர்களைவிடக் கடுமையாகப் பேசினார்கள். காட்டிக்கொள்ளவா?

இந்தக் கேள்வியில் இருக்கும் அவமதிப்பை முதலில் விலக்குவோம். புகலிடம் கேட்டு வருகிறவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டத்தை 2022 ஏப்ரலில் கொண்டுவந்த பட்டேல் அதை நம்பித்தான் கொண்டுவந்தார் என்றே எடுத்துக்கொள்கிறேன். வெள்ளையர் ஒருவர் கடுமையாகப் பேசினால் கொள்கை, பழுப்பு நிறத்தவர் பேசினால் நடிப்பு என்பது நியாயமில்லை. பேடனாக் அடையாள அரசியலே வேண்டாம் என்கிறார், அதுவும் ஒரு முழு நிலைப்பாடுதான்.

நான் பார்ப்பது அவர்களின் மனதை இல்லை, ஏணியை. கட்சி மேலே ஏற்றுவது பெரும்பாலும் இந்தக் குரலைத்தான். ஜான்சனின் அலுவலகத்தில் இன விவகார ஆலோசகராக இருந்த சாமுவேல் கசுமுவும் கன்சர்வேடிவ்தான். பிளவு அரசியலை நோக்கிப் போகிறோம் என்று அவர் எழுதிய கடிதம் கசிந்தது, 2021 இல் அவர் வெளியேறினார். தேர்தலுக்குக் கறிவேப்பிலை, முடிவெடுக்கும்போது ஓரத்தில் என்ற புகார் இப்படிப்பட்டவர்களிடமிருந்துதான் வருகிறது, தீவிர இடதுசாரிகளிடமிருந்து இல்லை.

இவ்வளவு இருந்தும் ஏன் விலகாமல் இருக்கிறார்கள்?

நம்பிக்கை. குறைந்த வரி, சொந்தத் தொழில், குடும்பம், மதம், கண்டிப்பான பள்ளிக்கூடம் என்று பல சிறுபான்மைக் குடும்பங்கள் வாழும் வாழ்க்கையே பழமைவாதம்தான். அவர்களை "உன் இடம் லேபர்" என்று துரத்துவதும் ஒருவகை ஆதிக்கமே.

நான் இந்தக் கட்சியில் சேர நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

தொகுதிச் சங்கத்திலிருந்து. சிறுபான்மைப் பிரிவில் பொறுப்பு தருகிறோம் என்று முதலில் அழைப்பார்கள், வேண்டுமானால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அது மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். சங்கத்தின் பொருளாளர், துணைத் தலைவர், நிர்வாகக் குழு போன்ற இடங்களுக்குப் போட்டியிடுங்கள். வேட்பாளர்களைச் சுருக்கிப் பட்டியல் போடுகிறவர்கள் அந்த அறையில்தான் இருப்பார்கள். தேர்வுக் கூட்டம் நடக்கும் நாளில் உங்களோடு இருபது உறுப்பினர்கள் வந்து வாக்களித்தால், மந்திரி வரும் பத்து விருந்துகளில் கிடைக்காதது அன்று கிடைக்கும், ஏனென்றால் அந்தக் கூட்டங்களுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் குறைவுதான். உள்ளூர்க் கவுன்சிலுக்கு நில்லுங்கள். அங்கே உங்களுக்கு வாக்குப் போட்டவர்கள் உங்களுக்குச் சொந்தமான பலம், லண்டனிலிருந்து யாரும் அதைப் பறிக்க முடியாது. யாராவது இனத்தையோ மதத்தையோ வைத்துத் தரக்குறைவாகப் பேசினால் தொலைபேசியில் முறையிடாமல் எழுத்தில் புகார் கொடுத்து, பதிலையும் எழுத்திலேயே கேளுங்கள், அந்த நகலை வீட்டில் வையுங்கள். தனியாக இதைச் செய்யாமல், வேறு சமூகத்தைச் சேர்ந்த இன்னும் இருவரையாவது சேர்த்துக்கொண்டு செய்யுங்கள்.